வெயில் கூடத்து வழக்கம்

வேலூரில் வெயிலை விலைக்கு விற்கும் காலம் வரும் என்று முன்பு எவனாவது சொல்லியிருந்தால், பாவம், வெயில் தலைக்கேறிவிட்டது என்று உச்சந்தலையில் எலுமிச்சம்பழம் தேய்த்து மூலையில் உட்கார வைத்திருப்பார்கள். அக்னி நட்சத்திரத்தில் தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொண்டு வராத ஊரா அது? எதற்குப் பஞ்சம் வந்தாலும் வெயிலுக்குப் பஞ்சம் வராது என்று பக்கத்து மாவட்டத்துக்காரர்கள் கேலி பேசிய ஊர். அந்த ஊரில்தான் கடைசியில் தெருவுக்குத் தெரு வெயில் கூடம் வந்தது.

வானத்துக்குத் திரை போட்டதால் வந்த வினை. பூமி கொதிக்கிறது என்று உலக நாடுகள் எல்லாம் கூடிப் பேசி, விமானங்களை உயரத்துக்கு அனுப்பி, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு தூளைத் தூவிவிட்டு வந்தன. சூடு குறைந்தது, பொய் சொல்லக் கூடாது. முதல் கோடையில் வேலூர்க்காரர்கள் ஃபேனை நிறுத்திவிட்டுத் தூங்கினார்கள். கோட்டை மைதானத்தில் மத்தியானம் கிரிக்கெட் ஆடினார்கள். ஆனால் தூள் அவர்கள் நினைத்ததைவிடக் கெட்டியாகப் படிந்துவிட்டது. வானம் அரிசி களைந்த தண்ணீர் நிறத்தில் அப்படியே நின்றுவிட்டது. யார் காலடியிலும் நிழல் விழவில்லை. சில வருடங்களில் ஜனங்களுக்கு எலும்பு வலித்தது, தூக்கம் கெட்டது, காரணமே இல்லாமல் அழுகை வந்தது. டாக்டர்கள் அதற்கு ஒளிக்குறை என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்துவிட்டால் பாதி வியாதி குணமான மாதிரி அவர்களுக்கு.

அப்போது வந்து இறங்கியதுதான் வெயில் கட்டில். ஆள் நீளத்துக்கு ஒரு கண்ணாடிப் படுக்கை, அதற்கு ஒரு மூடி, இரண்டிலும் வரிசையாக விளக்குக் குழாய்கள். உள்ளே படுத்து மூடியை இறக்கிக்கொண்டால் உடம்பு முழுக்கக் காலை வெயில். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் தோலைக் கறுப்பாக்கிக்கொள்ள இதில் படுத்தார்களாம். கறுப்பாவதற்குக் காசு கொடுப்பார்களா என்று நம் ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. அப்புறம் கட்டில் போட்ட கூடங்களுக்குப் போய் வரிசையில் நின்றது. பச்சைக்குழந்தையைக் காலை வெயிலில் காட்டுகிற மாதிரி ஒருத்தி கட்டிலில் காட்டினாள். ஒருத்தர் கூடத்துக்காரரை நைச்சியம் பண்ணி, கட்டிலில் துணியை விரித்து வடகம் காயவைத்தார். பொங்கலன்று கட்டிலைத் திறந்து வைத்து அதற்கு முன்னால் பானை வைத்த கூடமும் உண்டு.

சுகாதாரத் துறையில் ஒளிப் பாதுகாப்பு அலுவலராக இருந்த ரக்‌ஷனாவுக்கு இந்த வடக விஷயமெல்லாம் புகாராக வரும். படித்துவிட்டுத் தனியாகச் சிரிப்பாள். சிரித்துவிட்டு, யாரிடம் சொல்வது என்று ஒரு நொடி திரும்பிப் பார்ப்பாள். சொல்வதற்கு ஆள் கிடையாது. கணவன் நிகில் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. மகன் ராட்டர்டாமில். ஞாயிற்றுக்கிழமை திரையில் வந்து, "சாப்டியாம்மா?" என்பான். "சாப்டேன்" என்பாள். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு வராது. சத்துவாச்சாரியில் ஏழாவது மாடியில் வீடு. சமைத்ததை மூன்று வேளைக்குச் சாப்பிடுகிற வாழ்க்கை.

தோட்டப்பாளையத்தில் ஜெனி அக்கா நடத்திய கூடத்துக்கு அவள் முதலில் போனது சோதனைக்காக இல்லை. இடுப்பு வலி, அதற்காகத்தான். உள்ளே நுழைந்ததும் மூக்கில் நல்லெண்ணெய் வாசனை ஏறியது. கட்டில்கள் இருக்கும் இடத்துக்கு முன்னால் ஓர் அறை. அதில் பாய் விரித்துப் பத்துப் பதினைந்து பெண்கள், அரைகுறைத் துணியோடு, ஒருத்திக்குப் பின்னால் ஒருத்தி உட்கார்ந்து முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை எண்ணெய் வைத்துக்கொண்டு வெயிலில் நின்று பழகிய உடம்பு ஆயிற்றே. கட்டில் வந்தால் மட்டும் பழக்கம் போய்விடுமா?

"இன்னா அங்கயே நிக்கிற? வந்து உக்காரு" என்று ஒருத்தி அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். அதுதான் பவதாரிணி, கூடத்தில் எல்லோருக்கும் பவா. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், விசில் இல்லாமலே ஊரைக் கூட்டுகிற குரல். கேட்காமல் கொள்ளாமல் ரக்‌ஷனாவின் முதுகில் ஒரு கை எண்ணெயை வைத்து அழுத்தித் தேய்த்தாள்.

ரக்‌ஷனா குனிந்துகொண்டாள். நான்கு வருடமாக அந்த முதுகை ஒரு கை தொட்டதில்லை. எத்தனையோ பேரோடு கை குலுக்கியிருக்கிறாள், பஸ்ஸில் இடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள், அதெல்லாம் வேறு. பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

"அழுவுறியா?" என்றாள் பவா.

"கண்ணுல எண்ணெய் பட்டுடுச்சு."

"முதுகுல கண்ணு வச்சிருக்கியா நீ?"

அறையே சிரித்தது. ரக்‌ஷனாவும் சிரித்தாள். அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை கூட அவள் தவறவிட்டதில்லை. அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்பது தெரிந்தபோது தேய்த்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. அப்புறம் ஜெனி அக்காதான், "ஆபீசரம்மா முதுகும் முதுகுதானே, தேய்ங்கடி" என்றாள். அதோடு சரி.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஜெனி அக்கா புதிதாக வருகிற ஒவ்வொருத்திக்கும் அதைச் சொல்லிக் கொடுப்பாள்.

"தேய்க்கிறப்ப முதுகுல மச்சமோ புண்ணோ ஏதாச்சும் கோணலா கண்ணுல பட்டுச்சுன்னு வச்சுக்கோ, வாயத் தொறக்காத. கையும் நிக்கக் கூடாது. நின்னா அவளுக்குத் தெரிஞ்சுடும். 'சுத்தமா இருக்கு'ன்னு சொல்லிடணும். எல்லாம் முடிச்சுட்டு அவ கெளம்புறப்ப நீயும் கூடக் கெளம்பி, டீக்கடை வரைக்கும் நடந்து போ. டீ வாங்கிக் குடு. அவ குடிச்சதுக்கு அப்புறம் சொல்லு. சொல்லிட்டு விட்டுட்டு வராத, ஆஸ்பத்திரிக்கு நீயே கூட்டிக்கினு போ."

ஆரம்பத்தில் ஒருத்தி, "ஐயையோ, இன்னாடி இது முதுகுல!" என்று எல்லோர் எதிரிலும் கத்திவிட்டாளாம். அந்தப் பெண் அவமானத்தில் புடவையைச் சுருட்டிக்கொண்டு ஓடினவள்தான். கூடத்துக்கும் வரவில்லை, டாக்டரிடமும் போகவில்லை. அவள் சாவுக்குப் போய்விட்டு வந்து ஜெனி அக்கா போட்ட விதி இது.

ஒரு நாள் அந்த விதி ரக்‌ஷனாவின் கைக்கே வந்தது. பவாவின் முதுகில், இடுப்புக்குச் சற்று மேலே, ஒரு மச்சம். ஓரம் பிசிறடித்து, ஒரு பக்கம் கறுப்பும் ஒரு பக்கம் நீலமுமாக. படித்த படிப்புக்கு அதைப் பார்த்த கணமே தோல் புற்று என்று தெரிந்துவிட்டது. கையை நிறுத்தவில்லை.

"சுத்தமா இருக்கு பவா" என்றாள்.

வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்தார்கள். பவா டம்ளரைக் கையில் வாங்கினாள். குடிக்கவில்லை. எதிரே இருந்த ரக்‌ஷனாவையே பார்த்தாள்.

"எங்கடி?" என்றாள்.

"இடுப்புக்கு மேல. சின்னதுதான். முதல்ல டீயக் குடி."

பவா ஒரே மடக்கில் குடித்தாள். மேலெல்லாம் சிந்திக்கொண்டாள். ரக்‌ஷனா அவளை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள், வெட்டி எடுத்த அன்று கூடவே இருந்தாள், தையல் பிரிக்கிற அன்றும் இருந்தாள். சீக்கிரம் கண்டுபிடித்ததால் பிழைத்தாள் என்றார் தோல் மருத்துவர் இர்ஃபான். ரக்‌ஷனாவை அவருக்கு உத்தியோகத்தால் முன்பே தெரியும். தாழ்வாரத்துக்கு அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், இது அந்தக் கட்டிலோட வேலை. மாசா மாசம் கூடிக்கிட்டே போகுது. வெளிநாட்டுல இதே கட்டில்தான், இதே நேரக் கணக்குதான். அங்க வர்றதைவிட இங்க பல மடங்கு வருது. ஏன்னு எனக்குப் புரியல. நம்ம தோலுக்கு இயல்பாவே கொஞ்சம் பாதுகாப்பு உண்டு. கம்மியா இல்ல இருக்கணும்?"

ரக்‌ஷனாவுக்கும் புரியவில்லை. புரிந்தது டீக்கடையில்தான். யாரோ வடை சுற்றி வாங்கிய காகிதத்தைப் பெஞ்சின் மேல் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். எண்ணெய் ஊறிய இடத்தில் காகிதம் கண்ணாடி மாதிரி ஆகி, அடியிலிருந்த பெஞ்சின் கோடு கூடத் தெரிந்தது. அவள் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நேராக ராணிப்பேட்டைக்குப் போய்ப் பதனிடாத மெல்லிய ஆட்டுத்தோல் ஒன்று வாங்கி வந்தாள். பாதியில் எண்ணெய் தடவி, பாதியைச் சும்மா விட்டு, கட்டில் விளக்குக்கு அடியில் வைத்து அளந்து பார்த்தாள். எண்ணெய் தடவிய பக்கம் வெளிச்சம் சிதறாமல் நேராக உள்ளே இறங்கியது. வெளிநாட்டுக்காரன் போட்ட நேரக் கணக்கு காய்ந்த தோலுக்கு. சனிக்கிழமை எண்ணெயைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்?

பவாவுக்கு வந்த மச்சத்துக்குக் காரணம், பவாவின் முதுகில் தான் அன்போடு தேய்த்த எண்ணெய். இதை நினைத்து ரக்‌ஷனா ஒரு பாட்டம் அழுதாள். யாரும் பார்க்கவில்லை.

அவள் எழுதிக் கொடுத்ததை வைத்து, கூடங்களை என்ன செய்வது என்று அரசாங்கம் கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டது. கலெக்டர் ஆபீஸ் அரங்கம் நிரம்பி வழிந்தது. கூடத்துக்காரர்கள் சங்கத் தலைவர் எழுந்து மைக்கைப் பிடித்துக்கொண்டு, "சிகரெட்டுக்குப் படம் போட்டு விக்கிறீங்க. சாராயத்த நீங்களே விக்கிறீங்க. எங்க வெயிலு மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு? அவன் உடம்பு, அவன் காசு, அவன் படுக்குறான்" என்றார். கைதட்டல் காதைப் பிளந்தது.

டாக்டர் இர்ஃபான் நிதானமாக எழுந்தார். "சிகரெட் புடிக்கிறவனுக்கு அது கெடுதல்னு தெரிஞ்சேதான் புடிக்கிறான் சார். இவங்க மருந்துன்னு நம்பிப் படுக்குறாங்க. தெரியாம எடுத்துக்குறத எப்படி அவன் இஷ்டம்னு சொல்ல முடியும்?"

ஜெனி அக்காவும் பேசினாள். அவளுக்கு மைக் பழக்கமில்லை, தள்ளி நின்றே பேசினாள். "மூடிடாதீங்க ஐயா. எண்ணெய் ஆவாதுன்னா ஆவாது, நிறுத்திடுறோம். நேரம் கம்மின்னா கம்மி பண்ணிக்கிறோம். சின்னப் பசங்கள விட மாட்டோம். ஆனா அந்த ரூம மூடிடாதீங்க. அங்க வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு வீட்டுல ஆள் இல்ல."

ரக்‌ஷனா முதலில் எழுதிய வரைவு ஏறக்குறைய ஜெனி அக்கா சொன்னபடிதான் இருந்தது. எண்ணெய்க்குத் தடை, நேரக் கட்டுப்பாடு, பதினெட்டு வயதுக்குக் கீழே அனுமதி இல்லை, கண்ணுக்குக் கறுப்பு மூடி, எல்லாவற்றையும் கூடத்து ஆளே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று. இணை இயக்குநர் ஆத்விக் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். கெட்டவர் இல்லை அவர். ஆனால் ஜனங்களைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

"ஹெல்மெட் போடுங்கன்னு எத்தனை வருஷமா சொல்றோம் ரக்‌ஷனா? போட்டாங்களா? பத்துப் பொம்பளைங்கள ஒரு ரூம்ல விட்டுட்டு எண்ணெய் தேய்க்காதன்னா கேப்பாங்களா? ஆளை நம்பிச் சட்டம் எழுதக் கூடாது. மெஷின நம்பி எழுதுங்க."

அவருடைய யோசனை சுத்தமான யோசனை. ஒருவர் மட்டும் நுழைகிற தனி அறை. அட்டையைக் காட்டினால் கதவு திறக்கும். தோல் காய்ந்திருக்கிறதா என்று கட்டிலே உரசிப் பார்க்கும், எண்ணெய் பட்டிருந்தால் விளக்கு எரியாது. நேரம் முடிந்தால் தானே அணையும். அறைக்குள் கேமரா வைத்து மச்சங்களையும் படம் பிடிக்கலாமே என்று ஒரு கம்பெனி சொன்னபோது, பெண்கள் அமைப்புகள் கொதித்து எழுந்தன. துணியில்லாமல் படுக்கிற இடத்தில் கேமராவா? ரக்‌ஷனாவே முன்னின்று அதற்குத் தடை எழுதினாள். அது சரியான தடைதான், இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வாள்.

தனி அறை விதியில் மட்டும் அவள் பேனா கொஞ்சம் தயங்கியது. பவாவின் இடுப்புத் தழும்பு ஞாபகம் வந்தது. இன்னொரு முதுகில் இன்னொரு மச்சம் வரக் கூடாது. கையெழுத்துப் போட்டாள்.

எண்ணெய் அறை போயிற்று. ஜெனி அக்கா கூடத்தைச் சங்கத் தலைவருக்கே விற்றுவிட்டு ஆம்பூரில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். பாய் விரித்திருந்த இடத்தில் வரிசையாகக் கதவுகள் வந்தன, ஒவ்வொன்றுக்கும் ஒரு பச்சை விளக்கு. வருகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வந்து, பார்க்காமல் போனார்கள்.

பவா ரக்‌ஷனாவின் ஆபீசுக்கே வந்துவிட்டாள். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"பெட்டிக்குள்ள பொணம் கணக்கா படுத்துட்டு வர்றேன். கதவத் தொறந்தா ஒரு கதவு, அதத் தொறந்தா தெரு. ஒரு ஈ காக்கா என்னாண்ட பேசல. இதுக்காடி அவ்ளோ படிச்ச?"

"பவா, அந்த எண்ணெய்தான் உனக்கு..."

"தெரியும். நீதான் கண்டுபிடிச்ச, நீதான் என் உசுரக் காப்பாத்தின. உனக்கு நான் செருப்பா ஒழைக்கணும். ஆனா உன் மூஞ்சியப் பாக்கவே புடிக்கல எனக்கு. என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா நீ? எங்கள்ல யாரையாச்சும் கேட்டியா?"

"கூட்டம் போட்டோமே..."

"அங்க பேசினது எல்லாத்தையும் கேட்டுட்டு, கேக்காத மாதிரி எழுதின இல்ல? போடி."

அன்றோடு சனிக்கிழமை சனிக்கிழமையாக இல்லை. ரக்‌ஷனாவும் அட்டை வாங்கிக்கொண்டாள். தான் எழுதிய அறையில் தான் போய்ப் படுத்தாள். கட்டில் மெதுவாக அவள் தோளை உரசிப் பார்த்தது, விளக்கு எரிந்தது. வெயில் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி விழுந்தது. அவளுக்கு அந்த உரசல் மட்டும் பிடித்திருந்தது. அதை நினைத்து அவளுக்கே தன் மீது பரிதாபமாக இருந்தது.

துறைக்கு நல்ல பெயர். கட்டிலில் தோல் வெந்து வரும் காயம் அடியோடு குறைந்தது. தோல் புற்றுநோயும் குறையத் தொடங்கியது. மற்ற மாநிலங்களிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஆத்விக்குக்குப் பதவி உயர்வு. மேடையில் ரக்‌ஷனாவுக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். வீட்டுக்கு வந்து சால்வையை நாற்காலி முதுகில் போட்டாள். அது அங்கேயே கிடந்தது.

இரண்டு வருடம் இப்படி ஓடியது. ஒரு நாள் டாக்டர் இர்ஃபான் வரச் சொன்னார். அவர் அறையில் அவருக்கு முன்னால் காபி ஆறிப்போய் இருந்தது.

"உங்க சட்டம் நல்ல சட்டம் மேடம். நோய் குறைஞ்சிருக்கு, நான் எங்க வேணும்னாலும் வந்து சொல்வேன். ஆனா ஒண்ணு கேக்கணும். வர்றவங்க எண்ணிக்கை கம்மி, சாகுறவங்க எண்ணிக்கை கம்மியாகல. எல்லாரும் முத்திப்போய் வர்றாங்க. அதுவும் முதுகுல. அதுவும் தனியா இருக்குறவங்க."

"இது பழைய எண்ணெயோட பாதிப்பு இல்லையா டாக்டர்? வருஷம் கழிச்சும் வருமே."

"ஆமா, பழசுதான். இன்னும் பத்து வருஷம் வரும். நான் கேக்குறது அது இல்ல. முன்னாடி எப்படி சின்னதா இருக்கும்போதே வந்தாங்க? நான் ஒவ்வொருத்தரையும் கேப்பேன், யார் பாத்தான்னு. 'கூடத்துல ஒருத்தங்க பாத்தாங்க, அவங்கதான் கூட்டிட்டு வந்தாங்க'ம்பாங்க. வெளிய பெஞ்சுல அந்த ஒருத்தங்க உக்காந்திருப்பாங்க. இப்ப அந்தப் பெஞ்சு காலியா இருக்கு. என்ன ஆச்சு அவங்களுக்கெல்லாம்?"

ரக்‌ஷனா கதவு வழியே அந்தப் பெஞ்சைப் பார்த்தாள். என்ன ஆச்சு என்று அவளுக்குத் தெரியும். அவள்தான் கதவு போட்டுப் பூட்டினாள். அந்த அறையில் எண்ணெய் மட்டும் இல்லை, கண்களும் இருந்தன. எண்ணெயை எடுக்கப் போய் கண்களையும் சேர்த்துத் துடைத்து எடுத்துவிட்டாள்.

ஆத்விக்கிடம் போய்ச் சொன்னாள். தனி அறையை எடுத்துவிடலாம், எண்ணெய்த் தடை இருக்கட்டும், பார்க்க ஆள் இருக்கட்டும் என்றாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஆறு மாசத்துக்கு ஒரு தடவ டாக்டர்கிட்ட முதுகக் காட்டுங்கன்னு விளம்பரம் கொடுப்போம். எழுதிக் கொடுங்க, பாக்கலாம்."

"காட்ட மாட்டாங்க சார். முதுகுல என்ன இருக்குன்னு தெரியாம எதுக்குப் போவாங்க?"

"நீங்க போறீங்களா?"

அவள் போனதில்லை. சால்வை போர்த்திய முதுகு அது. அதை இரண்டு வருடமாக ஒருவரும் பார்க்கவில்லை, அவள் உட்பட.

வீட்டுக்கு வந்து குளியலறைக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றாள். கழுத்தை எவ்வளவு திருப்பினாலும் தோள்பட்டை மட்டும் தெரிந்தது. போனைப் பின்னால் நீட்டிப் படம் எடுத்தாள். மங்கலாக ஏதோ சதை விழுந்தது. அது நிழலா மச்சமா என்று தெரியவில்லை. மகனுக்குப் போன் போடலாம் என்று எடுத்தாள். என்ன சொல்வது? ராட்டர்டாமிலிருந்து அவன் எதைப் பார்ப்பான்? டாக்டர் இர்ஃபானிடமே போகலாம், ஐந்து நிமிட வேலை. ஆனால் மனதுக்குள் கேட்டது டாக்டரின் கண் இல்லை. அவளுக்கு வேறு ஒரு கை வேண்டியிருந்தது. வெட்கத்தை விட்டு அதை ஒப்புக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை காகிதப்பட்டறைப் பகுதியில் மலையடிவாரத்துச் சந்துக்குள் ஏறிப் போய் பவாவின் கதவைத் தட்டினாள். பவா திறந்தாள். தலை இன்னும் நரைத்திருந்தது. குரல் மட்டும் அப்படியே.

"இன்னா, சோதனைக்கு வந்தியா?"

"ஆமா. என் முதுக சோதனை போடணும்."

பவா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு வழியை விட்டாள். ஒரே அறை வீடு. அடுப்பில் அப்போதுதான் காய்ச்சி இறக்கிய பால், பாத்திரம் நிறைய, மேலே ஆடை கட்டத் தொடங்கியிருந்தது. ரக்‌ஷனா ஜன்னல் பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து, ரவிக்கையைத் தளர்த்தினாள்.

"நீ சொன்னதுதான் சரி பவா. கேட்டுட்டு கேக்காத மாதிரி எழுதினேன்."

"இப்ப அது எதுக்கு? குனி." பவா இரண்டு கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு முதுகில் வைத்தாள். எண்ணெய் இல்லாத கை. ரொம்பச் சொரசொரப்பு. ரக்‌ஷனா கண்ணை மூடிக்கொண்டாள்.

"எலும்பா இருக்கு. சோறு ஆக்குறியா இல்லையா?"

"ஆக்குறேன். மூணு வேளைக்கும் ஒரே தடவ."

"நானும் அப்படித்தான்." கை கழுத்திலிருந்து இறங்கியது. பவா பேச ஆரம்பித்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் பூனை இவள் வீட்டில் குட்டி போட்டது, ஜெனி அக்கா ஆம்பூரில் பிரியாணிக் கடையில் ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டது, மலை மேல் ஒரு நாள் விடியற்காலை லேசாகத் தன் நிழல் தெரிந்த மாதிரி இருந்தது, ஒருவேளை பிரமையோ என்னமோ. பேச்சும் நிற்கவில்லை, கையும் நிற்கவில்லை. தோள்பட்டையைச் சுற்றி, முதுகெலும்பின் ஓரமாக, இடுப்பு வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

"சுத்தமா இருக்குடி" என்றாள்.

ரக்‌ஷனாவுக்கு உயிர் வந்தது. ரவிக்கையைச் சரிசெய்துகொண்டே அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். இரண்டு வருடமாக இந்த வீட்டுப் படியேறாமல் இருந்ததை நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமையும் வருவேன் என்றாள். வா, யார் வேண்டாம் என்றது என்றாள் பவா.

"சரி, ஒரு டீ போட்டுக் குடு. குடிச்சிட்டுக் கெளம்புறேன்."

பவா கொடியில் கிடந்த துண்டை எடுத்துக் கையைத் துடைத்தாள். நிதானமாக, ஒவ்வொரு விரலாக. பிறகு கதவுப் பக்கம் போய்ச் செருப்பை மாட்டினாள்.

"வீட்டுல பால் இல்லடி. வா, கடையில குடிச்சுக்கலாம். நானும் உன்கூட வர்றேன்."

ரக்‌ஷனா அடுப்பைப் பார்த்தாள். பாலின் மேல் ஆடை கெட்டியாகப் படர்ந்திருந்தது.

எங்கே, எவ்வளவு பெரிது என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. டீ குடித்த பிறகுதான் கேட்க வேண்டும், அதுதான் வழக்கம். பயமாக இருந்தது. அந்தப் பயத்துக்குள்ளேயே, வெட்கம் கெட்டு, ஒரு சந்தோஷமும் இருந்தது. சின்னதோ பெரியதோ, ஒருத்தி பார்த்துவிட்டாள். இனி ஆஸ்பத்திரி வெளிப் பெஞ்சில் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். சட்டத்தை மாற்றி எழுதத்தான் போகிறாள், ஆத்விக் என்ன சொன்னாலும். எண்ணெய் கூடாது என்று எழுதிவிடலாம், ஆள் வேண்டும் என்றும் எழுதிவிடலாம். பார்த்தவள் கூடவே நடந்து வர வேண்டும் என்பதை எந்த விதியில் எழுதுவது?

பவா கதவைச் சாத்திப் பூட்டினாள். சந்து செங்குத்தாக இறங்கியது. இறங்கும்போது பவா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். டீக்கடை வரும் வரைக்கும் விடவில்லை.